பார்க்கிங்குக்காக நாம் விட்டுவந்த முடிவுகள்

அப்பா,

இன்று உன் கோட்டைப் பிடித்தேன். ராஜாக்கள் படையெடுத்துப் பிடிக்கிற கோட்டை இல்லை. மில்பிடாஸ் பழைய துணிக் கடையில் நீ வாங்கிய சாம்பல் நிறக் கோட்டு. அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்த அம்மா அதை என் கையில் கொடுத்து, "இத ஊருக்கு எடுத்துட்டுப் போறதா, இங்கயே யாருக்காவது குடுத்துடறதா, நீயே சொல்லு" என்றாள். பைக்குள் கை விட்டேன். முறுக்குத் தூள். விரலை முகர்ந்தால் ஓம வாசனை. அவ்வளவுதான், தலைக்குள் வயலின்காரர்கள் எல்லோரும் சுருதி சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நாங்கள் ஊருக்குத் திரும்புகிறோம். உன் வேலையோடு வந்தது உன் விசா. உன் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தது எங்களுடையது. நீ போனதும் அதுவும் போயிற்று. அமெரிக்காவுக்கு மனசு விசாலம் என்று பக்கத்து வீட்டு அங்கிள் ஆறுதல் சொன்னார். விசாலம் இருக்கிறது அங்கிள், விசாதான் இல்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். இந்த மாதக் கடைசியில் சென்னைக்கு விமானம்.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை ஒபேராவுக்குப் போனேன். தனியாக. நாம் அத்தனை தடவை போயும் ஒரு தடவைகூடப் பார்க்காத ஒன்றை, கிளம்புவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று. முடிவை.

எல்லாம் உன் ஆபீஸ் காலண்டரால் வந்தது. யாரோ சப்ளையர் கொடுத்த காலண்டர். மாதத்துக்கு ஓர் ஒபேரா மாளிகை. மிலானில் ஒன்று, பாரிஸில் ஒன்று, சிட்னியில் கடலோரமாக ஆரஞ்சுச் சுளைகளைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒன்று, பிரேசிலில் காட்டுக்கு நடுவே இளஞ்சிவப்பாக ஒன்று. வருஷம் முடிந்ததும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாய். நான் புரட்டிக்கொண்டே வந்தபோது நீ எட்டிப் பார்த்து, "அடியே, நில்லு. இது நம்ம சான்பிரான்சிஸ்கோ. ஒரு மணி நேர டிரைவ்தான்" என்றாய்.

"ஒபேரான்னா என்ன?" என்று கேட்டாள் அம்மா.

"ஒப்பாரிம்மா. இங்க டிக்கெட் போட்டுக் கேப்பாங்க" என்றேன்.

உனக்கு மோர் புரையேறியது. மலிவு டிக்கெட்டில் நின்றுகொண்டே பார்க்க வேண்டும் என்று தெரிந்ததும் அம்மா, "நின்னுக்கிட்டு ஒப்பாரி கேக்க எனக்கு முட்டி இல்ல. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

நாம் அமெரிக்கா வந்த புதிது அது. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டை நூலக வாசலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். என்னிடம் இருந்த ஜோக்கெல்லாம் தமிழில் இருந்தது. அதைச் செலவழிக்க உன்னைத் தவிர ஆளில்லை. உனக்கும் ஆபீசில் அதே கதைதான் என்று எனக்குத் தெரியும். மைக்ரோவேவ் பக்கத்தில் நின்று சாப்பிட்டுவிட்டு லேபுக்குத் திரும்பிவிடுவதாக நீயே ஒருநாள் சொன்னாய்.

முதல் நாள் அந்த மாளிகைக்குள் நுழைந்தபோது நீ மிரண்டுதான் போனாய். தங்க முலாம், கல்யாண மண்டபத்தையே விழுங்கிவிடும் அளவுக்கு ஒரு விளக்கு, வெல்வெட் போர்த்திய வெள்ளைக்காரப் பாட்டிகள். கோட்டின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாய். நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறவர்களுக்காக ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. முன்னால் வந்தவர்கள் அதில் ஸ்கார்பைக் கட்டிவிட்டு, காபி குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். நீ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாய்.

"என்னடி இது, பஸ்ல துண்டு போடற மாதிரியே போடறாங்க" என்றாய்.

அந்த நிமிஷத்தில் மாளிகை உனக்குச் சொந்தமாகிவிட்டது. கர்சீப்பை எடுத்துக் கட்டினாய். ஜன்னல் சீட்டு பிடித்தவனின் முகம் உனக்கு. அதன் பிறகு உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. உச்சத்தில் பாடுகிற பெண்ணுக்கு சோப்ரானோ என்று பெயர் என்றேன். "சோப்பு ராணி" என்றாய். டெனர் என்று ஒருவர் வந்தார், நல்ல ஆகிருதி. டெனர் இல்லப்பா, டின்னர் என்றேன். பாட்டின் பொருளை மேடைக்கு மேலே இங்கிலீஷில் எழுத்தாகக் காட்டுவார்கள். நீ கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டு வருவாய். நான் காதில் மொழிபெயர்ப்பேன். அவன் வாளை உருவிக்கொண்டு கர்ஜிக்கும்போது, "எங்க வீட்டு ஏசி ரிப்பேருன்னு எத்தன தடவ மேனேஜர்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்றது?" என்பேன். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பதில் பாடும்போது நீ எடுத்துக் கொடுப்பாய்: "பார்ட்ஸ் வரல, அடுத்த வாரம் பாக்கலாங்கறா."

முறுக்குக்கு நீதான் சட்டம் போட்டாய். கோரஸ் பாடும்போது மட்டும் கடிக்கலாம். ஐம்பது பேர் சேர்ந்து கத்தினால் ஒரு முறுக்கு எம்மாத்திரம். ஆனால் ஒருநாள் கோரஸ் சட்டென்று நின்றுவிட்டது. ராணி ஒற்றை ஆளாக, மூச்சு மாதிரி பாட ஆரம்பித்தாள். உன் வாயில் முழு முறுக்கு. கடிக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், அந்தப் பாட்டு முடியும்வரை கன்னம் புடைக்க நின்றாய். கண்ணில் நீர் வழிந்தது. பக்கத்தில் நின்ற சிவப்பு ஸ்கார்ப் அம்மாள் அதைப் பார்த்து உருகிப்போனார். இடைவேளையில் என்னிடம் வந்து, உன் அப்பா இசையை இவ்வளவு உணர்கிறாரே, பாடுகிறவரா என்று இங்கிலீஷில் கேட்டார். சும்மா இருப்பேனா. மெட்ராஸிலிருந்து வந்திருக்கும் பெரிய விமர்சகர் என்று சொல்லி வைத்தேன். அவர் நேராக உன்னிடம் வந்து இன்றைய ராணி எப்படி என்று கேட்டார். நீ தாடையைத் தடவி, நன்றாகத்தான் பாடுகிறாள், இரண்டாம் பாதியில் பார்க்கலாம் என்றாய். என் அப்பாடா நீ.

அன்றைக்கும் பாதியில் கிளம்பினோம். எப்போதும்போல, முடிவுக்குக் கொஞ்சம் முன்னால். நீ என் முழங்கையைத் தொடுவாய், அதுதான் சைகை. முதல் தடவை நான் முரண்டு பிடித்தபோது படியிறங்கிக்கொண்டே விளக்கம் சொன்னாய்.

"ராணி விஷத்தக் கையில எடுத்துட்டாளா இல்லியா? இனிமே குடிச்சி, பாடி, சாகப் போறா. அதுக்கு அப்புறம் மொத்தக் கூட்டமும் பார்க்கிங் கராஜுக்கு வரும். ஃப்ரீவே புடிக்கறதுக்குள்ள விடிஞ்சிரும்."

"இதுக்கு எதுக்குப்பா வந்தோம்?"

"தியேட்டர்ல நான் ஒரு படமும் கடசி சீன் பாத்ததில்ல. வணக்கம் போடறதுக்கு முன்னாடி சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடணும். இல்லேன்னா மாட்டிக்குவோம், நூறு சைக்கிளுக்கு நடுவுல."

நீ சைக்கிளை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. சைக்கிள் ஸ்டாண்டு மட்டும் உன்னை விடவில்லை. சிவப்பு ஸ்கார்ப் அம்மாளுக்குப் பாவம் இதெல்லாம் தெரியாது. மெட்ராஸ் விமர்சகர் கடைசிக் காட்சியில் எழுந்துபோனதைப் பார்த்து அவர் முகம் சுண்டிப்போனது. அடுத்த தடவை பார்த்தபோது, அன்றைய சோப்ரானோ உங்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று உன்னிடம் பயந்துகொண்டே கேட்டார். நீ பெருமூச்சு மட்டும் விட்டாய்.

முடிவைக் காரில் நாமே செய்துகொள்வோம். என் முடிவில் எல்லோரும் சாவார்கள். டின்னர் கத்திக்குத்தில், ராணி விஷத்தில், பூசாரி இடி விழுந்து. உன் முடிவில் யாரும் சாகமாட்டார்கள். விஷம் எக்ஸ்பைரி ஆகியிருக்கும். கத்தி அட்டையில் செய்ததாக இருக்கும்.

"உன் ஒபேராவுல ஒருத்தர்கூட சாகமாட்டாங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கத நம்ம கையில இருக்கும்போது எதுக்குடி சாவடிக்கணும்" என்றாய், கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்த்தபடி.

கிரீன் கார்டு வந்ததும் காலண்டரில் இருந்த மாளிகைகள் எல்லாவற்றுக்கும் போய்வருவது என்று பேசி வைத்திருந்தோம். மிலான், பாரிஸ், பிரேசில் காடு. "காட்டுல பார்க்கிங் பிரச்சன இருக்காது, கடசி வரைக்கும் பாக்கலாம்" என்றாய். அப்பாவை நீ வா போ என்று பேசாதே என்று அம்மா எத்தனையோ தடவை என்னைத் திட்டியிருக்கிறாள். அப்படிப் பேசியும் உன்னிடம் எல்லாவற்றையும் பேசிவிடவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அன்று எனக்குக் கெமிஸ்ட்ரி வகுப்பு. பள்ளிக்கூட ஆபீசிலிருந்து ஒரு பெண் சீட்டு கொண்டுவந்தாள். அங்கிள் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா அங்கே வராண்டாவில் உன் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். லேபில் நாற்காலியிலிருந்து எழுந்தாயாம், அப்படியே சாய்ந்தாயாம். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அங்கேயும் நீ கூட்டம் வருவதற்கு முன்பே வண்டியை எடுத்துவிட்டாய். என் முழங்கையை மட்டும் தொடவில்லை.

போன ஞாயிறு அங்கிள் என்னை ஃப்ரீமான்ட் ரயில் நிலையத்தில் விட்டார். ஒரே ஒரு டிக்கெட் வாங்குவது வேடிக்கையாக இருந்தது. கம்பியில் என் கர்சீப்பைக் கட்டினேன். பக்கத்தில் அதே சிவப்பு ஸ்கார்ப். அந்த அம்மாள் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "உன் விமர்சகர் எங்கே?" என்று கேட்டார்.

இந்த மூன்று மாதத்தில் எத்தனையோ பேர் உன்னைப் பற்றிப் பேசிவிட்டார்கள். எல்லோரும் நீ போய்விட்டாய் என்று தெரிந்து பேசியவர்கள். நீ இருக்கிறாய் என்று நினைத்து உன்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். எனக்கு அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

"முன்னாடியே கிளம்பிட்டார்" என்றேன் இங்கிலீஷில்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்தத் தடவை முதல் பாட்டைக்கூடக் கேட்கவில்லையா, அவ்வளவு மோசமா என்றார். நானும் சிரித்தேன். விளக்கு அணைந்தது நல்லதாகப் போயிற்று.

ஜோக் அடிக்க முயன்றேன் அப்பா. மேலே எழுத்து ஓடியது, மனசுக்குள் தமிழில் மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அது வெறும் பாட்டுதான். ரொம்ப நல்ல பாட்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாம் பேசிப் பேசி ஒன்றையும் காதில் வாங்கியதில்லை.

கடைசிப் பகுதி வந்தது. அவள் கத்தியை எடுத்தாள். என் கால் தானாகக் கதவுப் பக்கம் திரும்பிவிட்டது. கராஜில் நம் கார் இல்லை, எனக்கு ஓட்டவும் தெரியாது, ஆனாலும் கால் திரும்பியது. இப்போது போய்விட்டால் இவள் பிழைத்துக்கொள்வாள், ரயிலில் உட்கார்ந்து கத்தியை அட்டையாக்கிவிடலாம் என்று நினைத்தேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் குத்திக்கொண்டாள். பாடினாள். நீ சொன்னது சரிதான், ரொம்ப நேரம் ஆகிறது. குரல் சின்னதாகிச் சின்னதாகி, எப்போது நின்றது என்றே தெரியவில்லை. திரை விழுந்தது.

அதற்கப்புறம் நடப்பது உனக்குத் தெரியாது. உனக்குச் சொல்ல ஆளில்லாமல் ஒரு வாரமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். திரை மறுபடியும் திறந்தது. செத்துப்போனவள் நடுவில் நின்றாள். நெஞ்சில் சிவப்புக் கறை அப்படியே இருந்தது. சிரித்தாள். அவளைக் காட்டிக்கொடுத்தவன் வந்து அவள் கையைப் பிடித்தான். முதல் காட்சியில் செத்த கிழவர்கூட வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். எல்லோரும் கைகோத்துக் குனிந்தார்கள். யாரும் சாகவில்லை அப்பா. ஒவ்வொரு தடவையும் நாம் கராஜில் சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது, இங்கே எல்லோரும் எழுந்து வந்திருக்கிறார்கள்.

கூட்டம் கைதட்டியது. நான் பக்கவாட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. விளக்கைப் போட்டுவிட்டார்கள். சிவப்பு ஸ்கார்ப் அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என் கர்சீப்பின் முடிச்சை அவரே அவிழ்த்துக் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டி கட்டுவதை நிறுத்தினாள். இத்தனை வருஷமாக ஒருநாளும் கேட்காதவள், "கடசில என்னாச்சு அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டாள்.

"செத்துட்டா. அப்புறம் எழுந்து வந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டா."

அம்மா மடித்த புடவையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அப்பாவுக்கு இது தெரியுமா?" என்றாள்.

"தெரியாதும்மா. நாங்க எப்பவும் முன்னாடியே வந்துடுவோம்."

"சொல்லு அவர்ட்ட" என்றாள். போனில் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பாளே, அதே குரலில்.

அதனால்தான் எழுதுகிறேன். கோட்டை ஊருக்கே எடுத்துப் போகலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சென்னை வெயிலில் அதை யாராலும் போட முடியாது. இருக்கட்டும். முடிவு இப்போது என்னிடம் இருக்கிறது. அது தெரிய வேண்டிய ஆள் நீ ஒருவன்தான். மிலானிலோ பிரேசில் காட்டிலோ என்றாவது ஒரு கம்பியில் கர்சீப் கட்டி நிற்பேன், கடைசி ஆள் வந்து குனியும்வரை. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம்.

உன் வாலு