நூத்தித் தொண்ணூறாவது சுத்துல ஒரு ஜாயிண்ட்

சோளக்காடு, கொல்லிமலை
செவ்வாய்க்கிழமை

என் கண்ணு சுமித்ராவுக்கு அம்மா கண்ணாயி எழுதிக்கிறது. இங்க நானும் உங்கப்பாவும் சொகமா இருக்கோம், ஆடு மூணும் எங்களை விடச் சொகமா இருக்குது. நீ அந்தப் புனாக் காலேஜுல பத்து விரலும் முழுசா, புருவ முடி கருகாம இருக்கிறயான்னு தெரிஞ்சாத்தான் எனக்கு அடுத்த வாய் சோறு எறங்கும். நாலாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவ, போன் இருக்கும்போது காயிதம் எழுதுறாளேன்னு சிரிக்காதே. போன்ல சொல்லலாம்னு மூணு தடவை எடுத்தேன், நீ அம்மான்னு கூப்பிட்டதும் ஆடு இளைச்சுப் போச்சு, மழை பேஞ்சுதுன்னு என்னத்தையோ உளறிட்டு வச்சுட்டேன். எனக்கே பேச்சு வரலைன்னா அது எம்மாம் பெரிய விசயமா இருக்கும்னு நீயே யோசிச்சுக்க.

முதல்ல ஊட்டுச் சேதி. மழை விடாமப் பேயுது, மொளகுக் கொடி நல்லாப் புடிச்சிருக்கு. மழைக்காலத்துல தண்ணி எறைக்கிறவங்க யாரு, அதனால காயில் கட்டுற நம்ம பட்டறைக்குப் பம்பு மோட்டாரு வர்றதில்ல, மிக்ஸியும் ஃபேனுந்தான் வருது. சின்னுசாமி மாமா மட்டும் மழையோ வெயிலோ மாசத்துக்கு ஒருக்கா அதே மோட்டாரைக் கருக்கித் தூக்கிட்டு வந்துருவாரு, அந்த மோட்டாரு பேரை நம்ம ரேசன் கார்டுல சேத்துரலாம்னு உங்கப்பா சொல்றாரு. அவருக்கு முட்டி வலி பரவால்ல. நீ அனுப்பின தைலத்தை எனக்குத் தெரியாம ஆட்டுக்காலுக்குத் தேச்சுட்டாரு, ஆடு இப்ப நல்லா ஓடுது.

இப்ப விசயத்துக்கு வாரேன். போன வாரம் நான் கூப்பிட்டு, எட்டுக்கை அம்மனுக்கு நேந்திருக்கேன், அமாவாசை முடியற வரைக்கும் உன் இடி மெஷினுக்குக் கரண்ட் குடுக்காதேன்னு சொன்னேனே, அது பொய் சாமி. நேத்தியும் இல்ல ஒண்ணும் இல்ல. அம்மன் பேரைச் சொன்னா நீ எதுத்துப் பேச மாட்டேன்னு தெரிஞ்சு அவளை நடுவுல இழுத்து விட்டேன், அபராதமா ரெண்டு தேங்காயும் ஒடைச்சுட்டு வந்துட்டேன். அம்மனுக்கும் மின்னல் விடுற டெஸ்லா காயிலுக்கும் என்னம்மா சம்பந்தம்னு நீ சிரிச்சே. சம்பந்தம் அம்மனுக்கு இல்ல, எனக்குத்தான். பொங்கலுக்கு வந்தப்ப மூணு இஞ்சு பைப்பை என் முன்னால வச்சு, அம்மா இதுல கம்பி ஆயிரத்து எரநூறு சுத்துச் சுத்திக் குடு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது, எடவெளி விடக்கூடாது, பாய் மொடைஞ்ச மாதிரி ஒட்டி ஒட்டி வரணும், இதுதான் செகண்டரி, இதுலதான் மின்னலே பொறக்கும்னு சொன்னே. சீலிங் ஃபேனுக்குச் சுத்திச் சுத்திக் காச்சுப் போன கை, இதென்ன பெரிய வித்தைன்னு பைப்பைக் கைமெஷின்ல மாட்டிட்டேன். நீ பக்கத்துல உக்காந்து அம்பது சுத்துக்கு ஒரு கோடு போட்டே. நூத்தம்பது தாண்டினதும் குளிச்சுட்டு வாரேன்னு போனே. அந்த நேரம் பாத்துச் சின்னுசாமி மாமா கருகின மோட்டாரைத் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. எனக்கு வாய் சும்மா இருக்குமா, என்ன மாமா, புள்ளைக்கு மறுபடியும் காய்ச்சலான்னு கேட்டேன். உன் வாயில ஒரு டப்பா வார்னிஷ் ஊத்தினாத்தான்டி ஊரு உருப்படும்னாரு. நான் திரும்பிச் சிரிச்சேன், கை ஒரு வெட்டு வெட்டிச்சு, முடியாட்டம் கம்பி பட்டுனு அந்து போச்சு. மெஷின் முள்ளு நூத்தித் தொண்ணூறுல நின்னுச்சு.

எல்லாத்தையும் பிரிச்சுட்டு மொதல்லருந்து சுத்தியிருக்கணும். ஸ்பூல்ல கம்பி பத்தாம போயிருமோன்னு நெனைச்சேன்னு இப்ப சொல்றேனே, அதுவும் சாக்குத்தான். ஃபேனுக்குப் பண்ற மாதிரியே நுனி ரெண்டையும் சொரண்டி முறுக்கி, ஈயம் வச்சு, ஸ்லீவ் உறை மாட்டி, மேல சுத்திட்டுப் போயிட்டேன். ஃபேன் அதோட பத்து வருசம் ஓடும், அதனால இதுவும் ஓடும்னு நெனைச்சேன். உங்கப்பா பட்டறையில வச்ச சட்டம் உனக்குத் தெரியும், நடுவுல ஜாயிண்ட் விழுந்தா நுனிக் கம்பியில சிவப்பு நூல் ஒண்ணு கட்டணும், நாளைக்குப் பிரிக்கிறவங்களுக்குத் தெரியணும்னு. நூலைக் கையில எடுத்தேன் கண்ணு, பொய் சொல்லல. நீ தலையத் தொவட்டிக்கிட்டே வந்து, மெஷினே தோத்துரும் போம்மா, ஒரு ஜாயிண்ட் கூட இல்லாம எங்கம்மா சுத்தினதுன்னு புனாவுல எல்லாருக்கும் வீடியோ காட்டப் போறேன்னு சொன்னே. நூல் மறுபடியும் டப்பாவுக்குள்ள போயிருச்சு. கீழ்ப் பக்கந்தானே, அதைச் சுத்தி லைன் கரண்ட் ஓடுற உன் தடிக்கம்பி ஏழு சுத்து வந்து மறைச்சுக்கும், யாரு பாக்கப் போறாங்கன்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். மறைக்க எடம் பாத்தவ, அதுதான் இருக்கறதுலயே ஆகாத எடம்னு பாக்கல.

அப்புறம் நீ போன்ல சொல்லச் சொல்ல எனக்கு ஒரே பெருமை. முதல்ல மின்னல் நாலு விரக்கடைதான் வந்துச்சு. உன்கூடச் சேந்து மெஷின் கட்டுற அந்தப் பையன் பூபாலன் போர்டை மாத்திப் போட்டதும் ஒரு சாண் ஆச்சு. அலுமினியத் தகடும் காத்தாடியும் வச்சு போர்டுல இருக்கிற ட்ரான்சிஸ்டரு சூட்டைக் கொறைச்சதும் மொழம் வந்துச்சுன்னே. அப்புறம் ரெண்டு பேருமாச் சேந்து மின்னல் சத்தத்தையே மெட்டாக்கிப் பாட வச்சீங்க. தகர டப்பாவுக்குள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குதுன்னு நான் சொன்னதுக்கு நீ ரெண்டு நாள் பேசல. ஆனா மின்னலு வளர வளர ட்ரான்சிஸ்டரு பட்டாசாட்டம் வெடிக்க ஆரம்பிச்சுது, ஒருக்கா இல்ல ரெண்டு தடவை இல்ல, நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் நீ அந்தப் பையனைத்தான் திட்டினே, பூபாலன் சால்டரிங் சரியில்ல, பூபாலன் போர்டு சரியில்லன்னு. அவன் நாலு தடவையும் எல்லாத்தையும் பிரிச்சு மாட்டினான். கடைசியில இனிமே என் காயிலைத் தொடாதேன்னு சொல்லிட்டேம்மான்னு நீ சொன்ன அன்னைக்கே எனக்கு என் ஜாயிண்ட் மேல சந்தேகம் வந்துச்சு. நீ அனுப்பின வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். வெடிக்கிறதுக்கு ஒரு கண் சிமிட்டு முன்னால, தடிக்கம்பிக்கு உள்ள, கீழருந்து மூணு விரக்கடைக்குக் கொஞ்சம் கொறைச்சலா, ஒரு ஊசி முனையாட்டம் நீலமா மினுக்குது. அந்த எடம் எனக்குத் தெரியும். அது பூபாலன் வேலை இல்ல கண்ணு, உங்கம்மா வேலை. மொழுமொழுன்னு இருக்க வேண்டிய எடத்துல என் ஜாயிண்ட் முண்டு கட்டி நிக்குது, ஸ்லீவைப் பொத்துக்கிட்டு கம்பி நுனி வெளிய நீட்டியிருக்கும், மின்னல் மேல போறதை விட்டுட்டு அந்த நுனி வழியா பக்கத்துல இருக்கிற தடிக்கம்பிக்குத் தாவுது, அதான் ட்ரான்சிஸ்டரு வெடிக்குது.

வெடிச்சா வெடிக்கட்டும், காசு போச்சுன்னு போயிருவேன். நீ அடுத்து ஒண்ணு சொன்னே பாரு, செகண்டரி எங்கம்மா சுத்தினது, அதுல குத்தம் வராது, அதனால கீழ இருக்கிற லைன் கரண்ட் மேல தாவ வழியே இல்ல, ஆண்டுவிழா மேடையில கையில இரும்புக் கம்பி புடிச்சு மின்னலை வாங்கிக் காட்டப் போறேன்னு. மேல வர்ற மின்னலு சுள்ளுனு கடிக்கிறதோட சரின்னு நீ சொல்லியிருக்கே, சரி. ஆனா கீழ தடிக்கம்பியில ஓடுறது மோட்டாரைச் சுத்துற கரண்ட்டு, ஆளை விடாது. அது என் ஜாயிண்ட்டைப் புடிச்சு ஏறி மின்னலோட மின்னலா உன் கைக்கு வந்துச்சுன்னா? எங்கம்மா சுத்தினதுங்கிற தைரியத்துல எம்புள்ள கைய நீட்டுவா. இதை நெனைச்சுக்கிட்டேதான் எழுதுறேன், எழுத்துக் கோணலா இருந்தா அதுதான் காரணம், படிப்புக் கொறைச்சல் மட்டும் இல்ல.

அதனாலதான் அம்மனை இழுத்தேன். அமாவாசை வரைக்கும் நாள் வாங்கிக்கிட்டு, உங்கப்பாவை நாமக்கல்லுக்கு அனுப்பிப் புதுக் கம்பியும் அதே அளவுப் பைப்பும் வாங்கிட்டு வரச் சொன்னேன். பட்டறை ஷட்டரைப் பாதி எறக்கி, சின்னுசாமி மாமா வந்தா வெளியவே உக்காரச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு, வாய் நிறைய வெத்தலையை அடக்கிக்கிட்டுச் சுத்தினேன். ரெண்டு நாள் ஒரு வார்த்தை பேசல, உடம்புக்கு ஏதாச்சும் ஆயிருச்சான்னு உங்கப்பா பயந்துட்டாரு. முன்னூத்தி நாப்பதுல ஒருக்கா அந்துச்சு, பூராத்தையும் பிரிச்சுட்டு மொதல்லருந்து வந்தேன். மேகம் எறங்கி வார்னிஷ் காயாம வெள்ளை பூத்துச்சு, அப்புறம் பெட்டிக்குள்ள குண்டு பல்பை எரிய விட்டு அந்தச் சூட்டுல காய வச்சு வச்சு அஞ்சு பூச்சுப் பூசியிருக்கேன். முடிஞ்சதும் எதுக்குடி இன்னொண்ணுன்னு உங்கப்பா கேட்டாரு. அவருகிட்டயும் சொல்லிட்டேன். கத்துவாருன்னு பாத்தா, எந்திரிச்சுப் போயி டப்பாவுல இருந்து சிவப்பு நூலை எடுத்துட்டு வந்து என் மணிக்கட்டுல கட்டி, இந்தக் கை ஜாயிண்ட் போட்ட கை, ஊரு பாத்துக்கட்டும்னாரு. இன்னும் அவுக்கல, அவரும் அவுக்கச் சொல்லல. அப்புறம் புதுசை வாங்கி, கீழருந்து மேல வரைக்கும் நகத்தால தடவிப் பாத்துட்டு, இப்ப சரின்னாரு. நாளைக்குக் காலையில பஸ்ஸுல, மலை எறங்குற எழுபது வளைவுக்கும் அதை மடியிலயே வச்சுக்கிட்டுப் போயி, நாமக்கல்லுல கூரியர்ல போடுறேன்னு சொல்லியிருக்காரு.

நான் சொல்றதை இந்த ஒரு தடவை கேளு. பழசை மாட்டாதே. நம்பலைன்னா ஸ்லீவ் இருக்கிற எடத்தைப் பிரிச்சு நீயே பாரு. புதுசா இருந்தாலும் மேடையில கம்பியைக் கையில புடிக்காதே சாமி, ஒரு கட்டையில நட்டு எர்த்துக் குடுத்து வையி, மின்னல் அதுல அடிக்கட்டும், நீ பத்தடி தள்ளி நின்னு பாட்டுப் போடு, கைதட்டுறவங்க அதுக்கும் கைதட்டுவாங்க. அப்புறம் பூபாலன்கிட்டப் போயி மன்னிப்புக் கேளு. வாய் வரலைன்னா இந்தக் காயிதத்தையே அவன் கையில குடுத்துரு, ராசிபுரத்துப் பையன்தானே, தமிழ் படிப்பான். செய்யாத தப்புக்கு நாலு தடவை திட்டு வாங்கிக்கிட்டு நாலு தடவையும் பிரிச்சு மாட்டின புள்ளை, அந்தப் பொறுமை உங்கப்பாவுக்கே இல்ல. மேல ஒண்ணு சொல்ல வாய் வருது, வெத்தலை போட்டுக்கிறேன்.

எங்கம்மா தப்பே பண்ண மாட்டான்னு இனிமே யாருகிட்டயும் சொல்லாதே. நான் சுத்தினதா இருந்தாலும் டெஸ்டரு வச்சுப் பாத்துட்டு அப்புறம் தொடு, அதுதான் எனக்கு மரியாதை. எம்புள்ள கையும் காலும் முழுசா, கண்ணு பார்வை நெறைவா, நூறு வருசம் நல்லா இருக்கணும், அம்மன் என் பொய்யை எம்மேல வச்சுக்கட்டும், உம்மேல வைக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்புடு, ஈரத் தலையோட தூங்காதே. இந்தக் காயிதத்தைச் சுருட்டிப் பைப்புக்குள்ளதான் அடைச்சு அனுப்புறேன், பைப்பு நிக்கிற அடிக்கட்டையில மாட்டணும்னா நீ இதை உருவித்தான் ஆகணும். உருவினதும் படி, படிச்சதும் கரண்ட் குடுக்கறதுக்கு முன்னால ஒரு போன் பண்ணு. படிச்சுட்டேம்மான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு, எனக்கு அது போதும். அதுக்கப்புறம் திட்டணும்னா எவ்வளவு நேரம் வேணும்னாலும் திட்டு, நான் குறுக்க பேச மாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ந. கண்ணாயி