ரேடியோக்காரரின் முழுப்பெயர்

கொழும்பு,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? டயகமவில் மழை விட்டதா? நான் சுகமாகவே இருக்கிறேன்.

மொழிபெயர்ப்பு வேலை என்று சொன்னது பொய்யில்லை. அது உளவுத்துறையில் என்பதைத்தான் மறைத்துவிட்டேன். நம் தேயிலைத் தோட்டம் மாதிரியே இங்கேயும் பெரிய தொரை முதல் கங்காணி வரை உண்டு. ஆனால் வெளியே தகவல் எடுப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் சிங்களத்தில் எழுதியதை மேலே யார் படிக்கிறார் என்பதும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை நம் தோட்டத்து அறிக்கை ஒன்று என் மேசைக்கு வந்தது. கோயிலடிக் கூட்டத்தில் வீட்டுக் காணி கேட்டு ‘ரேடியோக்காரர்’ சத்தமாகப் பேசினாராம். லயத்து வீட்டுச் சனமெல்லாம் உங்களைக் கூப்பிடும் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பட்டப்பெயருக்குப் பக்கத்தில் முழுப்பெயர் எழுதுவது இங்கே விதி. பழக்கத்தில் என் கை எழுதிவிட்டது: செல்லசாமி தம்பிஐயா.

“எப்பிடித் தம்பி கண்டுபிடிச்சனீர்?” என்று யாழ்ப்பாணத்து அதிகாரி தாளை வாங்கிக்கொண்டே கேட்டார்.

“எங்க ஊருதாங்க சார்” என்றேன். அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை, இப்படி ஆயிரம் தாள் வரும். அம்மாவிடம் சொல்ல வேண்டாம். என் பழைய சுவெட்டரைக் கொடுத்தனுப்புங்கள், ஏசி அறை குளிர்கிறது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் நிரோஷன் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறான்.

யாராவது வந்து முழுப்பெயர் சொல்லி உங்களைக் கூப்பிட்டால் கவனமாகப் பேசுங்கள். இந்தக் கட்டடத்தில் அந்தப் பெயர் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

மகன்,
யோகேஸ்வரன்