யார் முதலில் எழுந்திருப்பது

ஏற்காடு,
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

மஸ்கட்டில் இருக்கிற என் ஊட்டுக்காரர் விஜயகுமார் அவர்களுக்கு, சசிகலா எழுதுவது. நான் இங்கே நலம்னு எழுதக் கை வரலை. நீங்களாவது சுகமா இருங்க.

மெசேஜில் அடிச்சு அடிச்சு அழிச்சாச்சு. அதான் பேப்பரில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புறேன். சிரிக்காதீங்க.

இங்கே விடாத மழை. சில்வர் ஓக் மரம் ஒயர் மேலே சாய்ஞ்சு மலை முழுக்கக் கரண்டு போச்சு. ஸ்கூல் ஜெனரேட்டரும் மக்கர் பண்ணி, பேட்டரியும் தீர்ந்து, சர்வர் படுத்துக்கிச்சு. ஒரே பெட்டிக்குள்ளே பல கம்ப்யூட்டர் ஓடுதுன்னு சொல்வேனே, நீங்ககூடக் கதை விடாதேன்னு கிண்டல் பண்ணுவீங்களே, அதேதான். கரண்டு வந்தும் அதில் ஒண்ணுகூட எழுந்திருக்கலை. பொதுத்தேர்வு எழுதற பிள்ளைங்க பேர்ப் பட்டியலும் அதுக்குள்ளேதான். நாளைக்குள்ள அனுப்பலைன்னா பிள்ளைங்க கதி என்னன்னு பிரின்சிபால் அம்மா வந்து வந்து கேட்டாங்க. என்னைத் தவிர அதைத் தொட ஆள் இல்லை.

நாள் பூரா அந்த ரூமில் ஒத்தையா உட்கார்ந்து தேடினேன். கடைசியில் பார்த்தா என்ன கூத்துங்கிறீங்க! அந்தக் கம்ப்யூட்டருங்க எல்லாத்தையும் சேமிச்சு வெச்சிருக்கிறது இன்னொரு பெட்டியில். அந்தப் பெட்டி எங்கேன்னு வழி சொல்ல வேண்டிய கம்ப்யூட்டரும் அதே பெட்டிக்குள்ளே தூங்குது. பெட்டி கிடைச்சாத்தான் அது எழும், அது எழுந்தாத்தான் பெட்டி கிடைக்கும். இது எழட்டும்னு அதுவும், அது எழட்டும்னு இதுவும் அப்படியே கிடந்திருக்கு. யார்கிட்டயும் வழி கேட்காம பெட்டியோட விலாச நம்பரை நானே கையால் போட்டேன். ஒவ்வொண்ணா எழுந்துச்சு. பட்டியலும் போயிடுச்சு.

பிரின்சிபால் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. ஊட்டுக்கு வந்தா சொல்ல ஆளில்லை. சுவரைப் பார்த்துச் சோறு தின்னேன்.

சேர்வராயன் கோயில் திருவிழா முடிஞ்ச கையோட, வேலையை விட்டுட்டு என்கூட வர்றியா இல்லையான்னு கேட்டுட்டுப் பிளேன் ஏறினீங்க. அன்னையிலிருந்து நீங்க போனில் கூப்பிடட்டும்னு நான், நான் கூப்பிடட்டும்னு நீங்க. நல்லா இருக்குங்க நம்ம வீம்பு! நொம்பத் தனியா இருக்கேன். வேலையை விட மாட்டேன், இப்பவும் அதேதான் சொல்றேன். உங்களையும் விட மாட்டேன்.

அதான் நானே முதலில் எழுதிட்டேன். சேர்வராயன் உங்களை நல்லா வெச்சிருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடுங்க.

சண்டை போடறதுக்காவது கூப்பிடுங்க.

உங்க,
சசி