தேன் பாட்டில் மேல் தட்டுக்குப் போன கதை

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுத் தேன் பாட்டில் சமையலறையின் கீழ்த் தட்டிலிருந்து மேல் தட்டுக்குப் பதவி உயர்வு பெற்றுள்ளது. பதவி உயர்வா நாடு கடத்தலா என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. மற்றபடி அப்பா, அம்மா, நான் எல்லோரும் சுகம், கடைக்குட்டியும் இப்போது சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும் என்கிறாள் அம்மா. சொல்வது அம்மா, எழுதுவது நான். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் அவசரத்தில் அவள் கால் மெஷினிலும் வாய் என் தலையிலும் இருக்கின்றன. நடுநடுவே நான் சேர்க்கும் சரக்குக்கு அம்மா பொறுப்பல்ல.

அது என்ன "இப்போது" சுகம் என்று உடனே பெட்டியைக் கட்டாதே. போனில் சின்னவள் இருமியதைக் கேட்டதிலிருந்து பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்று நீ ஒற்றைக் காலில் நிற்கிறாயாம். நடந்ததை ஒண்ணு விடாம எழுதுடா, இல்லாட்டி அவ கற்பனை பண்ணியே பாதி உடம்பாயிடுவா என்று அம்மா உத்தரவு. எழுதுகிறேன். இருமினால் ஒரு ஸ்பூன் தேன் என்பது நம் வீட்டுச் சட்டம், உனக்கே தெரியும். அந்தச் சட்டத்தில் உள்ள ஓட்டையை மூன்று வயதுக் கடைக்குட்டிக்குக் காட்டிக்கொடுத்தவன் அடியேன். நெஞ்சில் கை வைத்து, ளொக் ளொக் என்று இருமி, ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து அம்மா ஸ்பூனை எடுக்கிறாளா என்று பார்க்க வேண்டும், கிடைப்பதில் பாதி குருவுக்குக் காணிக்கை. நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது வியாபாரம். ஒருநாள் கையும் தேனுமாகப் பிடிபட்டோம். அதன் பிறகு அவள் தும்மினாலே, இதோ நாடகம் ஆரம்பிச்சிருச்சு என்பாள் அம்மா.

போன வாரம் ஒரு மத்தியானம், சளியும் மூக்கொழுகலுமாக இருந்தவள் மெஷினுக்குப் பக்கத்தில், வெட்டிப் போட்ட துணிக் குவியல் மேல் படுத்து இருமினாள். அம்மா மெஷினை நிறுத்தாமலே, இன்னைக்குத் தேனும் இல்ல பாகும் இல்ல மகாராணி, கண்ணை மூடித் தூங்கு என்றாள். சிஷ்யைக்கு உதவ நான் ஒரு ஸ்பூன் தேனைக் கடத்திக்கொண்டு போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேனைப் பார்த்து! எனக்குச் சுரீர் என்றது. இன்னொன்றையும் கவனித்தேன், அந்த ஒற்றைக் கண் திறக்கவேயில்லை. கவுனைத் தூக்கிப் பார்த்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்து விழுந்து எழுகிறது, மூக்கு விடைக்கிறது, உள்ளே யாரோ ஓட்டைப் பலூனை ஊதுகிற மாதிரி உய்ங் உய்ங் என்று சத்தம். அண்ணா என்று சொல்லி முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். அம்மா, இது நாடகம் இல்ல, நாடக வாத்தியார் நானே சொல்றேன் என்று கர்ஜித்தேன். அம்மா கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்போடும், ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் அப்பா செருப்போடும் ஓடினாள். அப்பா ஸ்கூட்டரை எடுத்தார். நான்கு பேர் ஒரு ஸ்கூட்டரில். மூன்று பேர் நடுங்கினார்கள், நான் மட்டும் மலை மாதிரி இருந்தேன் என்பதை இங்கே குறித்துக்கொள்.

கிளினிக்கில் புகை மாதிரி மருந்து வருகிற முகமூடியை மாட்டப் போனால் நம் வீராங்கனை அதைத் தட்டித் தட்டி விடுகிறாள். அழ அழ மூச்சு இன்னும் இழுக்கிறது. டாக்டரம்மா, பிள்ளையைப் படுக்க வைக்காதீங்க, மடியில நிமிர்த்தி உட்கார வைங்க என்கிறார். அந்த நேரத்தில்தான் நான் மூளையைத் தீட்டி, அவள் எதிரே மண்டியிட்டு, கூ... ஊ... ஊ என்று ரயிலாக மாறினேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அண்ணா ரயிலு, நான் புகை என்று திக்கித் திக்கிச் சொல்லி, முகமூடியைத் தானே மூக்கில் வைத்துக்கொண்டாள்! கொஞ்ச நேரத்தில் அந்தப் பள்ளம் குறைந்தது. இன்னொரு முறை மருந்து வைத்த பிறகு, ஒரே மூச்சில், அண்ணா எனக்குத் தேன் வேணும் என்றாள். ஒரு முழு வாக்கியம், அக்கா! அம்மா சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது இன்ஹேலரை முகமூடி வைத்த குழாயில் மாட்டிக் கொடுக்கிறோம், ரயில் நேரப்படி ஓடுகிறது. துணி வெட்டுவதைப் பின்பக்கம் மாற்றியாயிற்று, தூசியில் அவளைப் படுக்க விடுவதில்லை. கடையில் நாமாக இருமல் டானிக் வாங்கக் கூடாதாம், சின்னப் பிள்ளைக்கு வெந்நீர்ச் சட்டி வைத்து ஆவி பிடிக்கவும் கூடாதாம், கொட்டிக்கொண்டால் ஆபத்து. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தால் போதும், மறுபடி விலா உள்ளே இழுத்தாலோ, பேச மூச்சு பத்தாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ ஒரு நிமிஷம் கூட யோசிக்காமல் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார் டாக்டரம்மா. குருவுக்கும் சிஷ்யைக்கும் எட்டாதபடி தேன் பாட்டில் மேல் தட்டு ஏறியது, வீட்டுச் சட்டமும் திருத்தப்பட்டது. இனி யார் இருமினாலும் முதலில் சட்டையைத் தூக்கிப் பார்ப்பது, பிறகுதான் தீர்ப்பு. நேற்று அப்பா இருமினார், அவருக்கும் விலக்கில்லை.

நீ பயிற்சியை முடித்துவிட்டு நிமிர்ந்து வா கண்ணு, இங்க நாங்க இருக்கோம், உன் நெஞ்சு நிறைய மூச்சும் வயிறு நிறைய சோறும் இருக்கணும், தலையை ஈரத்தோட பின்னாதே என்று அம்மா ஆசி சொல்லி முடித்துவிட்டாள். ஆனால் முடிந்தபாடில்லை. மேலே எழுதியதை வாங்கிப் படித்தவள், உண்மையை எழுதினாத்தான் கவர்ல பசை தடவுவேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். சரி. அந்தக் கூ... ஊ... ஊ ரயில் இல்லை அக்கா. அழுகை. கால் தள்ளாடித்தான் மண்டியிட்டேன். கடைக்குட்டிதான் அதை ரயில் என்று நினைத்துக்கொண்டாள். தைரியமான பிள்ளைக்கு என்று நர்ஸ் அவளுக்குக் கொடுத்த நட்சத்திர ஸ்டிக்கரை, அழாதே அண்ணா என்று என் சட்டையில் ஒட்டிவிட்டாள். இன்னும் அதை உரிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
(கையெழுத்து மட்டும் உன் தம்பி, ஓய்வுபெற்ற மலை)