ஷட்டரைத் தூக்கிய அண்ணன்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நேற்று சிறுவர் இல்லத்தின் பார்வையாளர் அறையில் இருந்தவர்கள்: நான், மாடிவீட்டுத் தையல்காரம்மா, அவள் மகன் வாண்டு, அவனுக்காக வாதாட அரசாங்கம் அமர்த்திய வக்கீலம்மா. வேறு யாரும் இல்லை. எல்லோரும் கேட்டதைத்தான் எழுதுகிறேன், அம்மா எதையோ நினைத்துக்கொண்டு பயப்படுகிறாள் என்று நீ தள்ளிவிடக் கூடாது. நானும் அப்பாவும் சாமி புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று, இப்போது சோற்றில் கிடக்கும் முடியெல்லாம் தெரிகிறதாம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

மாடியில் இருப்பவர்கள் நீ வெளிநாடு போன பிறகு குடிவந்தவர்கள், உன்னை நேரில் பார்த்ததே இல்லை. வாண்டுக்குப் பதினாலு வயது. போன மாதம் பதினேழாம் தேதி தெருமுனை மருந்துக்கடைக் கிடங்கு எரிந்ததைச் சொன்னேன் அல்லவா, உள்ளே படுத்திருந்த வாட்ச்மேன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறார். அந்தப் பக்கம் சைக்கிளோடு நின்றான் என்று வாண்டைப் பிடித்துப் போய், தாயும் இல்லாமல் வக்கீலும் இல்லாமல் உட்கார வைத்துக் கேட்டு, நான்தான் தீ வைத்தேன் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வேறு சாட்சி கிடையாது. அந்த வாக்குமூலத்தை வைத்தே அவனைப் பெரியவர்கள் கோர்ட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். அங்கே போனால் என் பிள்ளையை நான் மறுபடி பிள்ளையாகப் பார்க்க மாட்டேன் என்று புலம்பிக்கொண்டு தையல்காரம்மா ஊசியைக்கூடத் தொடுவதில்லை.

நேற்று வக்கீலம்மா அந்த வாக்குமூலத்தை மெதுவாக வாசித்தார். கிடங்கு ஷட்டர் ஒரு சிறுவன் தூக்கக்கூடிய கனம் இல்லை, கூட யார் என்று போலீஸ் கேட்டிருக்கிறது. கீழ்வீட்டு அண்ணன் என்று எழுதியிருக்கிறது. கீழ்வீடு நாம்தான். உன் இடது புருவத்துத் தழும்பு, நீலச் சட்டை எல்லாம் இருக்கிறது. வாண்டைப் பார்த்து, ஏண்டா கண்ணா அப்படிச் சொன்னே என்றேன். அவன் அழவில்லை. யாரு கூட இருந்தான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க பெரியம்மா, சொன்னா வீட்டுக்கு விடுறேன்னாங்க, உங்க கூடத்துப் போட்டோல அண்ணன் சிரிச்சிக்கிட்டு இருப்பாங்கல்ல, அவங்கன்னா திட்ட மாட்டாங்கன்னு தோணுச்சு என்றான். அதோடு நான் விட்டிருக்கலாம். அண்ணன் என்னடா பண்ணினான் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவன் கண் என் முகத்திலேயே நின்றது. ஷட்டரைத் தூக்கினாங்க, உள்ளே போனதும் கதவைக் குதிகாலால சாத்தினாங்க, அம்மாகிட்ட சொல்லிடாதேன்னாங்க என்று பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் சொல்லிக்கொண்டே போகிறான், பெற்றவள் வாயைப் பொத்தியும் நிறுத்தவில்லை. வக்கீலம்மா என் கையைப் பிடித்து, இனிமே ஒண்ணும் கேக்காதீங்கம்மா, பயந்த பிள்ளை, நீங்க கேக்கக் கேக்க அவன் இல்லாததை உண்டாக்கிச் சொல்லிக்கிட்டே போவான் என்றார்.

தழும்பும் சட்டையும் போட்டோவில் தெரியும். நீ கதவைக் குதிகாலால் சாத்துவது எந்தப் போட்டோவில் இருக்கிறது. நான் எப்போதாவது சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. காய்கறிக்காரர் பாக்கி தந்த சில்லறைக்குக்கூடக் கணக்கு வைக்கிறவள், இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவிடம் சொன்னால், சாப்பிட்ட தட்டைத் தூக்கவே துரைக்கு உடம்பு வணங்காது, ஷட்டரையா தூக்கிட்டான் என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று காலை பின்கதவு சாத்திய சத்தத்தில் நீதான் என்று திரும்பிவிட்டேன். அங்கே யாரும் இல்லை, காற்றாக இருக்கும்.

வக்கீலம்மா சொல்வது இதுதான். அந்தத் தேதியில் நீ கடல் தாண்டி வேலையில் இருந்தாய் என்று காட்டினால், வாக்குமூலம் முழுவதும் பிள்ளை வாயில் ஊட்டியதுதான் என்று எடுத்து வாதாடலாம். உன் ஆபீஸில் வருகைச் சான்று வாங்கி, பாஸ்போர்ட் பக்கங்களோடு அவருக்கே அனுப்பு, விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். விசாரணை அடுத்த மாதம். போலீஸ் உன்னைக் கூப்பிட்டால் வக்கீலம்மாவிடம் கேட்கச் சொல், எவர் கேட்டாலும் ஆமாம் போடுகிற சுபாவம் உனக்கும் உண்டு.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரச் சாக்ஸோடு வேலைக்குப் போகாதே. சாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், அந்தப் பிள்ளையையும் சேர்த்து. இதைப் போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சான்று வக்கீலம்மாவுக்கு. எனக்குத் தனியாக, அன்றைக்கு நீ அங்கே உன் வேலையில்தான் இருந்தாய் என்று உன் கையால் ஒரு வரி எழுதிச் சீக்கிரம் அனுப்பு.

உன் அம்மா