இன்னொரு சுற்று

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இன்று காலை நான் விமானம் ஓட்டினேன்.

பதினோரு வருடங்களுக்கு முன் உன்னை ஏற்றிக்கொண்டு போய், என் கணிப்புத் தவறி வயலில் விழுந்த பிறகு, ஓடுபாதைப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை. "இனிமே ஓட்டினா எனக்கு அம்மாவே இல்ல" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ சொன்னபோது தலையாட்டியவளும் நான்தான்.

போன மாதம் பழைய பயிற்சியாளரைச் சும்மா பார்க்கத்தான் போனேன். மறுபடி ஓட்டுவதற்கு வேண்டிய பரிசோதனைகளை, கண், காது, இதயம் என்று எழுதிக் கொடுத்தார். எதிலாவது தோற்றுவிடுவேன் என்று நம்பியிருந்தேன். பாழாய்ப்போன உடம்பு, எல்லாவற்றிலும் தேறிவிட்டது.

இன்று அவர் பக்கத்தில் உட்கார, நான்தான் விமானத்தை மேலே ஏற்றினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம்னா சொல்லுங்க, இறங்கிடலாம்" என்றார்.

"இன்னொரு சுத்து போலாமா சார்?" என்று கேட்டது என் வாய்தான்.

அலுங்காமல் இறக்கினேன். பிறகு கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதேன். பயத்தால் இல்லை. மேலே இருந்த நேரம் முழுக்க, அன்று முடங்கிப்போன உன் காலை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை.

நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார். யாராவது கையைப் பிடித்து நிறுத்தினால் நன்றாயிருக்கும். நிறுத்தக்கூடியவள் நீ ஒருத்திதான். நீயே சொன்னாலும் போய்விடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.

உன் அம்மா