தாண்ட முடியாத பக்கம்

சித்ரா,

சாவி எதிர்வீட்டு வீரலட்சுமியிடம் இருக்கிறது. குழம்பைச் சூடுபண்ணிச் சாப்பிடு.

“நாலு நாளா ஒரே பக்கத்தையே வச்சிக்கிட்டு இருக்கீக, அப்படி என்னதான் இருக்கு அதுல?” என்று நேற்று நீ கேட்டதற்குக் கத்திவிட்டேன். கல்லூரியில் நான் பாதியில் மூடிவைத்த பிரெஞ்சு நாவல் அது. வீட்டைவிட்டுப் போன மகனுக்காக ஓர் அப்பா காத்திருக்கிறார். அன்று அந்த இடம் வெறும் அலுப்பாக இருந்தது. இப்போது என்னால் அதைத் தாண்ட முடியவில்லை.

நம் பையன் வேல்பாண்டியைப் பார்க்கச் சிங்கம்புணரிக்குப் போகிறேன். “வெளியே போடா” என்று சொன்னவன் நான்தானே. கதவைத் திறப்பானா, தெரியவில்லை. டப்பாவில் இருந்த சீப்புச்சீடையை அவனுக்காக எடுத்துக்கொண்டேன்.

நாகநாதன்

பி.கு.: அவனிடம் முதலில் என்ன பேசுவது? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. உனக்குத் தோன்றினால் உடனே போன் பண்ணு.